‘டைம்’ யாரோடு சேருகிறது?

ஆங்கிலத்தில் ‘டைம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘டூ’ வந்தால் ஆள் சிறையில் இருக்கிறார் என்று பொருள். ‘மேக்’ வந்தால் வேலைக்கு நடுவே யாருக்காகவோ நேரம் ஒதுக்குகிறார். ‘கில்’ வந்தால் பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். ‘பை’ வந்தால் கடன் கொடுத்தவரிடம் சாக்குச் சொல்லி நாள் கடத்துகிறார். செய், ஆக்கு, கொல், வாங்கு என்ற இந்த நான்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொற்கள். ‘டைம்’ அவற்றைவிட எளியது. தனித்தனியே பார்த்தால் ஒன்றிலும் சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகுதான் சிக்கல்.

பத்துப் பதினைந்து ஆண்டு ஆங்கிலம் படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. முந்தைய கம்பெனியில் எட்டு ஆண்டு வேலை பார்த்ததை நேர்முகத் தேர்வில் ‘ஐ டிட் மை டைம் தேர்’ என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் கேட்பவர் உதட்டில் சிரிப்பு வரும், ஏனென்றால் அவர் காதில் அது எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனையாக விழும். ‘டிட்’ என்பதற்குப் பதில் ‘ஸ்பெண்ட்’ என்று ஒரே சொல்லை மாற்றியிருந்தால் போதும்.

இப்படி எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதற்கு விதி ஏதும் உண்டா, இல்லை எல்லாம் மனப்பாடம்தானா? ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மொழியியலாளர்களும் அகராதிக்காரர்களும் ஆசிரியர்களும் இந்தக் கேள்வியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். விடை தேட ‘டைம்’ நல்ல உரைகல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக் குழுவினர் நூறு கோடிச் சொற்களுக்கு மேற்பட்ட ஆங்கில உரைத்தொகுப்பை அலசி, அதிகம் புழங்கும் பெயர்ச்சொற்களின் பட்டியலை 2006-இல் வெளியிட்டார்கள். முதலிடம் ‘டைம்’ என்ற சொல்லுக்கு. ‘பெர்சன்’ இரண்டாவது, ‘இயர்’ மூன்றாவது. முதல் ஐந்தில் ‘டே’ என்ற சொல்லும் உண்டு. ஆக ஐந்தில் மூன்று இடங்களைக் காலமே பிடித்துக்கொண்டது.

ஒரு சொல்லின் தோளில் ஐந்து வேலை

‘டைம்’ இவ்வளவு புழங்குவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. மற்ற மொழிகள் பல சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் வேலைகளை ஆங்கிலம் இந்த ஒற்றைச் சொல்லின் தலையில் கட்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பொதுவான காலத்துக்கு ‘தாம்’, கடிகார நேரத்துக்கு ‘எர்’, தடவைக்கு ‘ஃபுவா’ என்று மூன்று வைத்திருக்கிறார். ஜெர்மானியரிடம் ‘ட்ஸைட்’, ‘ஊர்’, ‘மால்’ என்ற மூன்று இருக்கின்றன. தமிழரிடம் இன்னும் தாராளம்: நேரம், காலம், பொழுது, வேளை, சமயம், மணி, தடவை, முறை, மடங்கு. ‘த்ரீ டைம்ஸ்’ என்பது சாப்பாட்டோடு வந்தால் மூன்று வேளை, தட்டிய கதவோடு வந்தால் மூன்று தடவை, ஏறிய விலையோடு வந்தால் மூன்று மடங்கு. ‘த்ரீ டைம்ஸ் ஃபோர்’ என்றால் வாய்பாடு.

தமிழில் சொல்லை மாற்றிப் பொருளைக் காட்டுகிறோம். ஆங்கிலம் சொல்லை அப்படியே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை மாற்றுகிறது. ஆகவே ‘டைம்’ என்பதன் பொருளைக் கேட்பவருக்கு அகராதி ஒரு பத்தியில் பதில் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சேர்க்கையைத் துரத்தியவர்கள்

இதை முதலில் உணர்ந்து பட்டியல் போட்டவர்கள், ஆங்கிலம் பேசாத நாட்டில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள். ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1922-இல் ஜப்பானுக்குப் போனார். மாணவர்கள் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருந்தும் பேச்சு ஏன் செயற்கையாக இருக்கிறது என்று ஆராய்ந்தவர், ஆயிரக்கணக்கான சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933-இல் தோக்கியோவில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அவரோடு உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி அந்த அனுபவத்தை அகராதியாக்கினார். 1942-இல் தோக்கியோவில் அச்சான அந்த நூலைத்தான் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு தன் பெயரில் கொண்டுவந்தது. இன்று கல்லூரி விடுதி அறைகளில் கிடக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதியின் மூதாதை அதுவே.

ஆசிரியர்கள் பட்டியலாகப் பார்த்ததைக் கோட்பாடாக மாற்றியவர் ஜே. ஆர். ஃபிர்த். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1920-களில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு, பிறகு லண்டனில் மொழியியல் துறையை வளர்த்தவர். ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அதன் கூட்டாளிகளைப் பார்க்க வேண்டும் என்று 1957-இல் எழுதினார். அவருடைய மாணவர் ஹாலிடே 1966-இல் கொடுத்த உதாரணம் தமிழ்நாட்டு டீக்கடைக்குப் பக்கத்தில் வருகிறது. வலிமையான வாதத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’ என்றும் சொல்லலாம், ‘பவர்ஃபுல்’ என்றும் சொல்லலாம். ஆனால் டீ என்றால் ‘ஸ்ட்ராங்’ மட்டும்தான், கார் என்றால் ‘பவர்ஃபுல்’தான். “ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுங்கண்ணே” என்று கேட்பவர் இந்த விதியை எங்கும் படித்ததில்லை. டீயோடு அந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

மூன்றாவது திருப்பத்தைக் கணினி கொண்டுவந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து, நிஜமான ஆங்கில உரைகளைக் கணினியில் ஏற்றி 1987-இல் ‘கோபில்ட்’ அகராதியைத் தயாரித்தார்கள். மிக அதிகமாகப் புழங்கும் சொற்களுக்குச் சொந்தப் பொருள் மிகக் குறைவு என்பது அதில் தெரியவந்த வியப்பு. ‘டேக்’ என்றால் எடு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் ‘டேக் யுவர் டைம்’ என்பதில் யாரும் எதையும் எடுப்பதில்லை. அவசரமில்லை, நிதானமாகச் செய் என்பதே செய்தி. மனிதர்கள் சொல் சொல்லாகக் கோத்துப் பேசுவதைவிட, தயாராக இருக்கும் துண்டுகளை எடுத்து வைத்துப் பேசுவதே அதிகம் என்ற முடிவை சின்க்ளேர் 1991-இல் விரிவாக எழுதினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1983-இல், பாலி, சைடர் என்ற இருவர் ஒரு புதிரை வைத்தார்கள். இலக்கணப்படி சரியான வாக்கியங்கள் கணக்கில்லாமல் இருக்க, தாய்மொழியாகப் பேசுகிறவர் அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்வது எப்படி? மணி சொல்லும் முறையைப் பார்த்தாலே புதிர் விளங்கும். தமிழில் ஐந்தே முக்கால். ஐந்து போய் இன்னும் முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. ஆங்கிலேயருக்கு அதே நேரம் ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’, ஆறுக்குக் கால் மணி பாக்கி. ‘த்ரீ குவார்ட்டர்ஸ் பாஸ்ட் ஃபைவ்’ என்று சொன்னால் கணக்கு சரி, இலக்கணமும் சரி. சொன்னவர் வெளியூர்க்காரர் என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

காசா, காலமா?

இதுவரை சொன்னதெல்லாம் மனப்பாடம் என்ற பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. எதிர்ப்பக்கத்தின் பெரிய சாட்சி 1980-இல் வந்தது. ஜார்ஜ் லேகாஃப், மார்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே ‘டைம்’ வருகிறது. ‘ஸ்பெண்ட்’, ‘சேவ்’, ‘வேஸ்ட்’, ‘இன்வெஸ்ட்’, ‘பட்ஜெட்’, ‘பாரோ’: காலத்தோடு சேரும் இந்த வினைகள் எல்லாம் பணப்பெட்டியிலிருந்து எடுத்தவை. காலம் காசு என்ற ஒரே உருவகம் அடியில் ஓடுவதால்தான் இத்தனை சேர்க்கைகளும் முளைக்கின்றன. உருவகத்தைப் பிடித்துக்கொண்டவருக்குப் பாதித் தொடர்கள் தாமாகப் புரியும் என்பது அவர்கள் வாதம். சாவை நெருங்கிப் பிழைத்தவர் ‘பாரோட் டைம்’, அதாவது கடன் வாங்கிய காலத்தில் வாழ்கிறார் என்று ஆங்கிலம் சொல்வதை இதன்படி யாரும் ஊகித்துவிடலாம்.

காலமும் காசும் ஒன்று என்பதைப் பழமொழியாகப் பரப்பியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இளம் வணிகர் ஒருவருக்கு அறிவுரையாக 1748-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில் அது இருக்கிறது. அரை நாள் சும்மா இருந்தவன் செலவழித்த சில்லறையை மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது, சம்பாதிக்காமல் விட்டதையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. செய்து முடித்த வேலைக்குக் கூலி என்பது போய், மணிக்கணக்குக்குக் கூலி என்று ஆனபோது, முதலாளியின் நேரம், தன் நேரம் என்று தொழிலாளி பிரித்துப் பார்க்கத் தொடங்கினான். ‘ஓவர்டைம்’, ‘பார்ட் டைம்’ போன்றவற்றுக்கு அர்த்தம் வருவதற்கு முதலில் அந்தப் பிரிவினை நடந்திருக்க வேண்டும்.

வாதம் அழகானது, முழுமையானது அல்ல. ஆங்கிலத்தில் காலத்தை ‘ஸ்பெண்ட்’ செய்வது ஃபிராங்க்ளினுக்குப் பல நூற்றாண்டு முன்பே, ஆலைப் புகை எழும்பாத காலத்திலேயே இருந்தது. உருவகம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பணச் சொற்களும் உள்ளே வந்துவிடவும் இல்லை. காலத்தை வாங்கலாம். ‘செல் டைம்’ என்றாலோ பெரும்பாலும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் விளம்பர நேரத்தை விற்பதைக் குறிக்கும். வாங்குவதற்கு எதிர்ப்பதமாக அது நிற்பதில்லை. உருவகம் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே யார் வருவது என்பதைப் பழக்கம் தீர்மானிக்கிறது.

‘நேரத்தைச் செலவிடு’ என்ற தமிழ்த் தொடரையும் ஆங்கிலத்தின் நகல் என்று சட்டென்று தள்ளிவிட முடியாது. செலவு என்ற சொல்லின் வேர் செல். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். தலைவன் பொருள் தேடிப் புறப்பட்டும் தலைவியை எண்ணித் தயங்குவதற்குச் செலவழுங்குதல் என்று பெயர். கையிலிருந்து போவது என்ற பொருளில்தான் பின்னாளில் பணத்துக்கு வந்தது. தமிழில் காலமும் பெரும்பாலும் போகிறது: நேரம் போனதே தெரியவில்லை, பொழுது போகவில்லை. ‘பாஸ்டைம்’ என்பதற்குப் பொழுதுபோக்கு என்ற சொல் அச்சில் வார்த்தது போலப் பொருந்துவதும் இதனால்தான். அண்மையில் நுழைந்த ‘தரமான நேரம்’ மாதிரியான தொடர்கள்தான் சந்தேகமில்லாத இறக்குமதி.

தொடருக்குள் உறைந்த ஊர்

உருவகத்துக்கும் பிடிபடாத தொடர்கள் பல உண்டு. அவற்றைத் திறக்க வரலாறுதான் சாவி.

‘டைம் அண்ட் டைட் வெய்ட் ஃபார் நோ மேன்’ என்ற பழமொழியைக் கேட்டவுடன் கடல் அலை ஏறி இறங்குவது கண்முன் வருகிறது. பழமொழி பிறந்தபோது கடலுக்கு அதில் இடமில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டைட்’ என்பதற்கே காலம், பருவம் என்றுதான் பொருள். கிறிஸ்துமஸ் காலத்தைக் குறிக்கும் ‘யூல்டைட்’ என்ற சொல்லில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மானியரின் ‘ட்ஸைட்’ அதன் சகோதரி. நம் ‘நேரம் காலம் தெரியாமல்’ போல ஒரே பொருளைத் தரும் இரண்டு சொற்களை அடுக்கி வைத்த தொடர் அது. ஓத நீர் பிறகு உள்ளே புகுந்தது.

‘டைம் இம்மெமோரியல்’, நினைவுக்கு எட்டாத காலம், கவித்துவமான தொடராகத் தெரிகிறது. இங்கிலாந்தின் சட்டம் அதற்கு ஆண்டே குறித்திருந்தது. 1275-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி சட்டத்தின் நினைவு முதலாம் ரிச்சர்ட் ஆட்சிக்கு வந்த 1189 வரைதான் எட்டும். அதற்கு முன்பிருந்து அனுபவித்துவரும் உரிமை நினைவுக்கு எட்டாத உரிமை. நிலத் தகராறுகளை முடிக்கப் போட்ட கோடு, பிற்காலத்தில் கதைசொல்லிகளின் கைக்கு வந்தது.

‘பிக் டைம்’ அமெரிக்க மேடையிலிருந்து வந்தது. பல்சுவை நிகழ்ச்சிகள் நடந்த வாட்வில் அரங்குகளில் நாளுக்கு இரண்டு காட்சி மட்டும் நடத்திய பெரிய அரங்குகள் ‘பிக் டைம்’. மூன்று நான்கு காட்சி ஓட்டிய சிறிய அரங்குகள் ‘ஸ்மால் டைம்’. அரங்குகள் போய்விட்டன. சில்லறைத் திருடனை ‘ஸ்மால் டைம்’ என்று சொல்வது நிற்கவில்லை. பிரிட்டனின் பப்களிலோ கடைசிச் சுற்று முடிந்ததும் மணி அடித்து ‘டைம்’ என்று குரல் கொடுப்பார்கள். கடை மூடும் நேரம் என்று அர்த்தம். முதல் உலகப் போரின்போது குடிக்கும் நேரத்தை அரசு இறுக்கிய பிறகு அந்தக் குரலுக்குக் கூடுதல் கண்டிப்பு வந்தது.

‘ரயில்வே டைம்’ கதை இன்னும் ருசியானது. ரயில் வருவதற்கு முன் இங்கிலாந்தின் ஒவ்வோர் ஊருக்கும் சூரியனைப் பார்த்து வைத்த சொந்த நேரம் இருந்தது. பிரிஸ்டல் லண்டனுக்குச் சுமார் பத்து நிமிடம் பின்னால். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-இல் தன் பாதை முழுக்க லண்டன் நேரத்தைப் பிடித்தபோது, பிரிஸ்டல்காரர் தம் ஊர்க் கடிகாரத்தை நம்பிப் போனால் வண்டி போயிருக்கும். அந்நகரின் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் இருக்கின்றன, ஒன்று ஊருக்கு, மற்றது லண்டனுக்கு. நாடு முழுக்க ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1880-இல்தான்.

இந்தியாவில் ரயிலுக்கு நேரம் கொடுத்தது மெட்ராஸ். அங்கிருந்த வானாய்வுக் கூடத்தில் 1802-இல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த மெட்ராஸ் நேரத்தைத்தான், 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வரும்வரை, நாட்டின் ரயில்வேக்கள் பின்பற்றின. ‘ரயில்வே டைம்’ என்ற தொடர் இங்கே வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டது. மாலை ஐந்து மணியைப் பதினேழு என்று சொல்லும் இருபத்து நான்கு மணிக் கணக்கைத்தான் நம் ஊரில் ரயில்வே டைம் என்கிறார்கள். சொற்கள் அதே இரண்டு. சேர்க்கையின் பொருள் வேறு.

பணச் சொற்கள் சட்டப் புத்தகம் வரை போன கதையும் ஒன்று உண்டு. லண்டன் கட்டட ஒப்பந்ததாரர் வில்லியம் வில்லெட், கோடைக் காலையில் வெளிச்சம் வந்த பிறகும் ஊர் தூங்குவதைக் கண்டு மனம் பொறுக்காமல் 1907-இல் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். பகல் வெளிச்சம் ‘வேஸ்ட்’ ஆகிறது என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. அவர் 1915-இல் இறந்தார். மறு ஆண்டு போர்க்காலத்தில் பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் நிலைத்த பெயர் ‘டேலைட் சேவிங் டைம்’. கடிகாரத்தைத் திருப்பி யாரும் வெளிச்சத்தைச் சேமிக்க முடியாது. ஆனால் ‘வேஸ்ட்’ என்று தொடங்கிய பேச்சு ‘சேவ்’ என்று முடிவதுதான் ஆங்கிலத்துக்கு இயல்பு.

ஓர் எழுத்து வித்தியாசம்

வரலாறும் உருவகமும் கைவிடும் மூன்றாவது வகை, சின்னஞ்சிறு முன்னிடைச் சொற்களால் ஆனது. ‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்துக்கு. ‘இன் டைம்’ என்றால் காரியம் கெடுவதற்குள். ஆறு மணி வண்டி ஆறு மணிக்கே வந்தால் அது ‘ஆன் டைம்’. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஓடிவந்து ஏறிய பயணி ‘இன் டைம்’. ‘அட் டைம்ஸ்’ அவ்வப்போது, ‘அட் எ டைம்’ ஒரு நேரத்தில் ஒன்று, ‘அட் ஒன் டைம்’ முன்னொரு காலத்தில். ‘இன் நோ டைம்’ என்பதை நேரமே இல்லை என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. கண் மூடித் திறப்பதற்குள் என்பது அதன் பொருள்.

இங்கே விதி தேடுவது வீண் வேலை. ஆனால் தமிழும் இதே விளையாட்டை ஆடுகிறது என்பதை நினைத்தால் எரிச்சல் குறையும். “நேரத்துக்கு வா” என்றால் சொன்ன மணிக்கு. “நேரத்தோட வா” என்றால் சீக்கிரமாகவே. வேற்றுமை உருபு ஒன்று மாறினாலே அரை மணி வித்தியாசம். தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்கு இதற்குக் காரணம் சொல்லத் தமிழாசிரியர் எவரும் திணறத்தான் வேண்டும்.

ஆகத் தொகுத்துப் பார்த்தால் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. பணச் சொற்களோடு சேர்பவை ஓரளவு ஊகத்துக்கு வசப்படும். ‘பிக் டைம்’, ‘டைம் இம்மெமோரியல்’ போன்றவை கதை தெரிந்தால் மறக்காது. ‘ஆன்’, ‘இன்’ வகையறாவுக்குக் காதுப் பழக்கம் தவிர வழி கிடையாது. வகுப்பறைகளில் மூன்றையும் ஒரே பட்டியலில் அகர வரிசைப்படி ஒப்பிக்கச் சொல்வதுதான் மாணவரைக் களைப்படையச் செய்கிறது. ஒவ்வொரு வகைக்கும் கற்கும் முறை வேறு.

பஸ் ஸ்டாண்டில் டைம்

தமிழ்நாட்டில் ‘டைம்’ தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. இங்கே அதன் கூட்டாளிகளும் வேறு. பஸ் ஸ்டாண்டில் வண்டிகளை வழியனுப்புகிறவர் டைம் கீப்பர். முன்னால் போக வேண்டிய தனியார் பஸ் இரண்டு நிமிடம் நின்று ஆள் ஏற்றினால், பின்னால் வந்த டிரைவர் இறங்கிவந்து போடும் சண்டைக்குப் பெயர் டைமிங் தகராறு. தலைமாட்டில் அலறும் கடிகாரம் டைம்பீஸ்.

வம்பு வருவது ‘குட் டைம்’ என்ற இடத்தில். ஆங்கிலேயர் ‘ஹேவ் எ குட் டைம்’ என்று வாழ்த்தினால் நன்றாகப் பொழுதைக் கழித்துவிட்டு வா என்று அர்த்தம். அதைத் தமிழில் நல்ல நேரம் என்று பெயர்த்தால் தினசரி காலண்டர் தாளில் ராகுகாலம், எமகண்டத்துக்கு அருகே மணி நிமிடத்தோடு அச்சாகியிருக்கும் வேறொரு சமாச்சாரம் ஆகிவிடும். “எனக்கு டைம் சரியில்லைப்பா” என்று ஒருவர் பெருமூச்சு விடும்போது அவர் கையில் ஓடும் கடிகாரத்தில் குறை இல்லை. சனி எந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

இந்தியர்கள் தாங்களே கட்டிய சேர்க்கை ஒன்று எதிர்த்திசையில் ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது: டைம்பாஸ். ‘கில்’ என்றால் கொலை, ‘வேஸ்ட்’ என்றால் ஊதாரித்தனம். சும்மா இருப்பவரை ஆங்கிலத்தின் அந்த இரண்டு வினைகளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. டைம்பாஸ் யாரையும் குறை சொல்வதில்லை. மீரட் நகரத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் டீக்கடைகளில் காத்திருந்த இளைஞர்களை ஆராய்ந்த கிரேக் ஜெஃப்ரி, 2010-இல் வந்த தன் நூலுக்கு அவர்கள் வாயிலிருந்தே ‘டைம்பாஸ்’ என்று தலைப்பு எடுத்துக்கொண்டார். ரயில் பெட்டிக்குள் கூடையோடு ஏறும் வறுத்த கடலைக்காரர் அந்தச் சொல்லை இன்னும் சிக்கனமாகக் கையாள்கிறார். கடலை என்றுகூடச் சொல்ல மாட்டார். “டைம்பாஸ், டைம்பாஸ்” என்று கூவினாலே போதும், காகிதப் பொட்டலத்துக்குக் கைகள் நீளும்.